ஜிப்ஸியின் முன் ஆக்சில் கசிகிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

மலைச் சாலைகளிலும் எஸ்டேட் மண் பாதைகளிலும் ஓடும் மாருதி ஜிப்ஸிகள் பட்டறைக்கு வரும்போது உரிமையாளர் சொல்லும் புகார்களில் ஒன்று மாறுவதே இல்லை. "முன் சக்கரத்துக்குப் பின்னால் எண்ணெய் வழிகிறது, சீலை மாற்றிவிடுங்கள்." மாற்றினால் சில வாரங்கள் காய்ந்து கிடக்கும். பிறகு அதே இடம் மறுபடியும் நனையும். சீல், அதாவது எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையம், தரமில்லை, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பேச்சு போகும். பல வண்டிகளில் உண்மை வேறு. அந்தச் சீலைக் கொன்ற கோளாறு இன்னும் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் சீலுக்குச் செலவு செய்வதில் பயனில்லை.

இங்கே சொல்வது 1985 முதல் வந்த பழைய எம்ஜி 410 ஜிப்ஸிக்கும், 1996க்குப் பிந்தைய 1300 சிசி ஜிப்ஸி கிங்குக்கும் பொருந்தும். 2023இல் இந்தியாவுக்கு வந்த ஜிம்னியிலும் முன்பக்கம் ஒரே துண்டான ஆக்சில்தான், மூடிய நக்கிள்தான். அளவுகள் மாறினாலும் நோய் பார்க்கும் முறை மாறாது. முன் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் வண்டிகளுக்கு இது உதவாது. அவற்றில் நக்கிள் உருண்டையே கிடையாது.

பெயர்களை மட்டும் ஒருமுறை தெளிவாக்கிக்கொள்வோம். முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் கூடுதான் ஆக்சில். அதில் எஞ்சின் விசையை இரு பக்கத்துக்கும் பிரிக்கும் பல்சக்கரத் தொகுப்பு டிஃபரன்ஷியல். அதிலிருந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் குழாய்க்குள் ஓடுவது தண்டு. ஆக்சில் குழாயின் இரு முனைகளிலும் பளபளப்பான இரும்பு உருண்டை இருக்கும். அதன் மேல், கிங்பின் எனப்படும் மேல் கீழ் முளைகளில் தொங்கி, ஸ்டியரிங்கோடு திரும்புவது நக்கிள். சக்கரம் திரும்பினாலும் தண்டு சுற்ற உதவும் ஜாயிண்ட் அதற்குள் இருக்கும். குழாய்க்குள் இருக்கும் கியர் எண்ணெய் நக்கிளுக்குள் வராமல் தடுப்பது உள் சீல். நக்கிளில் அடைத்த கிரீஸ் வெளியே வராமலும், வெளியே இருக்கும் சேறு உள்ளே போகாமலும் உருண்டையைத் துடைத்துக்கொண்டே இருப்பது வெளிச் சீல். சக்கரம் மாட்டும் நடுப்பகுதியான ஹப்பில், சக்கர பேரிங்கின் கிரீஸைக் காப்பது ஹப் சீல். மூன்றும் வேறு வேறு. கடையில் "முன் சீல்" என்று மட்டும் கேட்டால் எது வேண்டுமானாலும் கைக்கு வரும்.

ஸ்பேனரை எடுக்கும் முன்: கசிவது எது?

வண்டியின் அடிப்பகுதியை டீசல் விட்டுத் துலக்கி, துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பழைய அழுக்கின் மேல் பார்த்துச் சொல்லும் எந்த முடிவும் நம்பத் தகுந்ததில்லை. பிறகு சிறிது தூரம் ஓட்டி, சமதளத்தில் நிறுத்தி, இரு முன் சக்கரங்களுக்கு அடியிலும் ஆக்சிலின் நடுவிலும் அட்டைகளைப் போட்டு இரவு முழுதும் விடுங்கள். காலையில் அட்டையில் இருப்பதை விரலால் தொட்டு முகர்ந்து பாருங்கள்.

கியர் எண்ணெய் பழுப்பாக, வழவழப்பாக இருக்கும். கந்தகம் கலந்த கடுமையான நெடி அதை உடனே காட்டிக்கொடுக்கும். நக்கிள் கிரீஸ் கறுப்பு, விரலில் ஒட்டும். பிரேக் எண்ணெய் மெலிந்து, வெளிறி, கிட்டத்தட்ட நெடியே இல்லாமல் இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள். கியர் எண்ணெய் மிதக்கும், பிரேக் எண்ணெய் கரைந்துவிடும்.

கரைந்துவிட்டால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்துங்கள், வண்டியையும் நிறுத்துங்கள். கசிவது பிரேக் கேலிப்பர் அல்லது பிரேக் குழாய். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அப்படிப்பட்ட பாதையில் அந்த வண்டியை இறக்குவதைப் பற்றி யோசிக்கவே கூடாது. மெக்கானிக் வண்டி நிற்கும் இடத்துக்கு வர வேண்டும்.

அறிகுறி: நக்கிளின் அடியிலிருந்து பழுப்பு எண்ணெய் சொட்டுகிறது

இதுதான் அதிகம் வருவது. கியர் எண்ணெய் உள் சீலைத் தாண்டி நக்கிளுக்குள் வந்துவிட்டது. அங்கே இருந்த கிரீஸைக் கரைத்துக் கூழாக்கி, வெளிச் சீலின் அடிப்பக்கமாக வழிகிறது. வெளியே தெரிவது வெளிச் சீலின் கசிவு என்பதால் பலர் அதை மட்டும் மாற்றுகிறார்கள். கெட்டியான கிரீஸைத் தடுக்க அமைந்த சீல் அது, ஓடும் எண்ணெயை அதனால் நிறுத்த முடியாது. எத்தனை முறை மாற்றினாலும் ஒழுகும்.

*இரண்டு பக்கமும் சேர்ந்து கசிந்தால்*

இரு சீல்களும் ஒரே வாரத்தில் கெட்டுப்போவது அரிது. இரண்டையும் பாதிக்கும் பொதுவான காரணம் இருக்க வேண்டும். முதல் சந்தேகம் பிரீதர். ஆக்சில் கூட்டின் மேல்பகுதியில் உள்ள காற்றுத் துளையும் அதிலிருந்து மேலே போகும் ரப்பர் குழாயும் இதில் சேரும். ஓடும்போது உள்ளே எண்ணெயும் காற்றும் சூடேறி விரியும். காற்று போக வழி இல்லையென்றால் அது சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு எண்ணெயோடு வெளியேறும். செம்மண் சேறு காய்ந்து பிரீதரை அடைத்திருப்பதையும், குளவி மண்கூடு கட்டியிருப்பதையும் பார்க்கலாம். ரப்பர் குழாய் மடிந்திருப்பது இன்னொரு சாத்தியம்.

சோதனை எளிது, செலவே இல்லை. நன்றாக ஓட்டி வந்த சூட்டோடு, எண்ணெய் ஊற்றும் துளையின் பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். உஸ்ஸென்று காற்று சீறினால் பிரீதர் அடைந்திருக்கிறது. குழாயைக் கழற்றிச் சுத்தமான முனையில் ஊதிப் பாருங்கள். தடையில்லாமல் காற்று போக வேண்டும். பிரீதரை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி மாட்டிவிட்டு, நக்கிளைத் துடைத்து, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்த செலவைப் பற்றிப் பேச வேண்டும். கசிவு இதோடு நின்றுபோன வண்டிகள் உண்டு. ஆனால் நக்கிளுக்குள் ஏற்கெனவே புகுந்த எண்ணெய் கிரீஸைக் கெடுத்திருக்கும் என்பதால், அடுத்த சர்வீஸில் அதைத் திறந்து புது கிரீஸ் வைக்க வேண்டும்.

பிரீதர் சரியாக இருந்தால் எண்ணெய் அளவைப் பாருங்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். பிளக்கைக் கழற்றினால் எண்ணெய் துளையின் கீழ் விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும். அதிகம் இருந்தால் வழியட்டும், வழிவது நின்றதும் பிளக்கை மாட்டுங்கள். முன் டிஃபரன்ஷியல் ஏறத்தாழ 2 லிட்டர் கொள்ளும். முன்பக்கம் உயர்ந்த சரிவில் வண்டியை நிறுத்தி "நிறைய" ஊற்றிவிடுவது மலைப்பகுதிப் பட்டறைகளில் நடக்கிற காரியம். லிட்டர் கணக்கை நம்பாமல் துளையின் விளிம்பை நம்புங்கள்.

கசிவைக் குறைக்க 80டபிள்யூ-90க்குப் பதிலாக அதைவிடக் கெட்டியான 140 கிரேடு எண்ணெய் ஊற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. கசிவின் வேகம் கொஞ்சம் குறையலாம், காரணம் அப்படியே இருக்கும். உதகையின் குளிர்காலக் காலையில் அந்தக் கெட்டி எண்ணெய் பேரிங்குகளை அடைய நேரமெடுக்கும் என்பது தனிக் கவலை.

*சாய்வாக நிறுத்தினால் மட்டும் ஒரு பக்கம் கசிந்தால்*

வீட்டு முன் இடம் ஒரு பக்கம் சரிந்திருக்கும், வண்டி ஒவ்வோர் இரவும் ஒரே திசையில் நிற்கும். எண்ணெய் முழுதும் தாழ்ந்த பக்கக் குழாயில் போய்த் தேங்கிச் சீலின் மேல் நிற்கும். ஓரளவு தேய்ந்த சீல், சமதளத்தில் நாள் முழுதும் ஓடினாலும் கசியாமல், இப்படி நிறுத்தினால் மட்டும் கசியும். சில இரவுகள் வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள். கசிவு மறுபக்கத்துக்குப் போனால் இரண்டு சீல்களும் வயதானவை, ஒன்றாக மாற்றிவிடலாம். போகாமல் நின்றுவிட்டால் முதலில் கசிந்த பக்கத்துச் சீல் மட்டும்தான் பலவீனம். அவசரமில்லை, அடுத்த சர்வீஸ் வரை பார்த்துக்கொள்ளலாம்.

*எப்படி நிறுத்தினாலும் ஒரே பக்கம் கசிந்தால்*

இப்போது திறந்தாக வேண்டும். காரணங்கள் செலவு ஏறும் வரிசையில் இவை. சீல் வயதாகிக் காய்ந்து இறுகியிருக்கலாம். தண்டில் சீல் உட்காரும் இடம் தேய்ந்து பள்ளமாகியிருக்கலாம். டிஃபரன்ஷியல் பேரிங் தளர்ந்து தண்டு ஆடலாம். ஆக்சில் குழாயே வளைந்திருக்கலாம்.

ஃப்ரீ-வீல் ஹப் (சக்கரத்தைத் தண்டோடு பூட்டவும் விடுவிக்கவும் உதவும் ஹப்) பொருத்திய வண்டியை மாதக்கணக்கில் ஹப்பைப் பூட்டாமலே ஓட்டுபவர்கள் முதல் காரணத்தைக் கவனிக்க வேண்டும். தண்டு சுற்றாமல் நிற்கும்போது சீலின் உதடு ஒரே இடத்தில் அழுந்திக் காய்ந்துபோகும். மாதம் ஒருமுறையாவது ஹப்பைப் பூட்டி, மண் பாதையில் நான்கு சக்கர இயக்கத்தில் சிறிது தூரம் ஓட்டினால் உதட்டில் எண்ணெய் படும். தார்ச் சாலையில் இதைச் செய்யாதீர்கள், இயக்கம் முறுக்கிக்கொள்ளும்.

உள் சீலை மாற்றும் முறை

எண்ணெயை வடிக்கும் முன் ஊற்றும் பிளக் திறக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். வடித்த பிறகு அது துருப்பிடித்து நகர மறுத்தால் வண்டி அங்கேயே நிற்கும். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை உயர்த்தி, ஆக்சில் குழாயின் அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்கக் கூடாது.

சக்கரம், கேலிப்பர், டிஸ்க், ஹப், அதற்குப் பின் ஸ்பிண்டில் (ஹப் சுற்றும் குழல் அச்சு) என்ற வரிசையில் கழற்றுங்கள். கேலிப்பரை பிரேக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் சஸ்பென்ஷன் பட்டையில் கட்டுங்கள். ஸ்பிண்டில் பிடித்துக்கொண்டால் மெல்லிய உளியால் நெம்பாதீர்கள். ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டினால் விடும். பிறகு தண்டை நேராக, குழாயின் நடுவில் வைத்தே வெளியே இழுங்கள். ஒரு பக்கத்துத் தண்டு நீளம், மறுபக்கம் குட்டை. இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் அடையாளம் இட்டு வையுங்கள்.

தண்டு வெளியே வந்ததும் பழைய சீலைப் பிடுங்க அவசரப்படாமல் அதைப் பாருங்கள். இந்த வேலையில் மிகப் பெரிய தகவல் அங்கேதான் இருக்கிறது. உதடு சுற்றிலும் சமமாகத் தேய்ந்திருந்தால் வயதுதான் காரணம். ஒரு பக்கம் அகலமாகவும் எதிர்ப்பக்கம் புதிது போலவும் இருந்தால் தண்டு நடுவில் ஓடவில்லை. உதடு கிழிந்திருந்தால் முன்பு மாட்டியவர் தண்டைச் சீலின் மேல் உரசியபடி தள்ளியிருக்கிறார்.

அடுத்து தண்டில் சீல் ஓடும் இடத்தை மண்ணெண்ணெயில் கழுவி, நகத்தைக் குறுக்கே இழுங்கள். நகம் மாட்டவில்லையென்றால், மிக மெல்லிய உப்புத்தாளை எண்ணெயில் நனைத்துத் தண்டைச் சுற்றிய திசையில் மெருகேற்றினால் போதும். நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கோடுகள் வழியாகவே எண்ணெய் நடந்து வரும். நகம் லேசாக மாட்டினால் புதுச் சீலைப் பழைய இடத்திலிருந்து 2 அல்லது 3 மி.மீ. தள்ளி உட்காரவைத்து, உதடு தேயாத பரப்பில் ஓடும்படி செய்யலாம். அதற்கு இருக்கையில் ஆழம் இருக்கிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். பள்ளம் நன்றாகத் தெரிந்தால் மெல்லிய ஸ்டீல் உறை போட முடியுமா என்று லேத் பட்டறையில் கேளுங்கள். முடியாதென்றால் வேறு தண்டு வாங்குவதுதான் வழி. பள்ளத்தின் மேல் புதுச் சீல் மாட்டுவதை எந்த விலைக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய சீலை எடுக்கும்போது திருப்புளி முனை இருக்கையைக் கீறாமல் பாருங்கள். கீறிய இடம் சீலின் வெளிச்சுற்று வழியாகக் கசியும், அது பிறகு கண்ணுக்கே தெரியாது. ஏற்கெனவே கீறல் இருந்தால் வெளிச்சுற்றில் மட்டும் மெல்லிய பூச்சாகச் சீலிங் பசை தடவலாம்.

புதுச் சீலின் சுருள்வில் தெரியும் பக்கம் எண்ணெயை, அதாவது டிஃபரன்ஷியலைப் பார்க்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவி, சீலின் வெளிச்சுற்றுக்குப் பொருந்தும் குழாய்த் துண்டை வைத்து நேராகத் தட்டி இறக்குங்கள். ஒரு முனை முன்னால் போய்விட்டால் வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். தண்டை உள்ளே விடும்போது இரு கைகளாலும் தாங்கி, பற்கள் உதட்டில் உரசாமல் நடுவில் கொண்டுபோக வேண்டும். உதவிக்கு ஒருவர் இருந்தால் நல்லது.

நக்கிளுக்குள் இருக்கும் கூழை முழுதும் வழித்து, ஜாயிண்டைக் கழுவிக் காயவைத்து, மாலிப்டினம் கலந்த லித்தியம் கிரீஸ் வையுங்கள். ஜாயிண்டின் உருண்டைகளுக்கு இடையில் அழுத்தி ஏற்றுங்கள். நக்கிளின் முக்கால் பாகத்துக்கு மேல் அடைக்காதீர்கள், சூட்டில் விரிய இடம் வேண்டும்.

ஹப் நட்டை இறுக்குவது தனிக் கலை. மிகை இறுக்கம் பேரிங்கை எரிக்கும், தளர்வு சக்கரத்தை ஆட்டும். முன்பு செய்து பழகாதவர்கள் இந்த ஒரு கட்டத்துக்கு மட்டுமாவது அனுபவமுள்ள மெக்கானிக்கை அழைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: உருண்டையின் மேல் கறுப்பு கிரீஸ் வட்டம், சொட்டுவதில்லை

உருண்டையின் மேல் மெல்லிய படலமாக கிரீஸ் இருப்பது கோளாறே இல்லை. அது இருக்கத்தான் வேண்டும். உருண்டை எலும்பாகக் காய்ந்து, துருப்புள்ளியோடு இருந்தால்தான் கவலை.

கட்டி கட்டியாகத் தள்ளப்பட்டு அதன் மேல் மண் அப்பியிருந்தால் முதலில் கேட்க வேண்டியது, சமீபத்தில் யாராவது நக்கிளில் கிரீஸை அடைத்துத் திணித்தார்களா என்பது. அப்படியென்றால் மிகுதி வெளியேறிவிட்டு நின்றுவிடும். துடைத்துவிட்டுக் கவனியுங்கள்.

நிற்கவில்லையென்றால் வெளிச் சீல் தேய்ந்திருக்கிறது. நம்தாத் துணி வளையம், ரப்பர் வளையம், அவற்றைப் பிடிக்கும் இரு அரைவட்டத் தகடுகள் என்று இது ஒரு தொகுப்பாகக் கிடைக்கும். தகடுகளின் சிறு போல்ட்டுகள் துருவேறி முறியக்கூடியவை. முதல் நாளே துருநீக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள்.

மாட்டும் முன் உருண்டையைப் பாருங்கள். துருப்பள்ளங்கள் இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும், இல்லையென்றால் புது ரப்பரை அவை அரம் போல் ராவிவிடும். சற்று ஆழமான பள்ளங்களை இரண்டு பாகம் கலக்கும் இரும்புப் பசையால் நிரப்பி, காய்ந்தபின் தேய்த்து வழவழப்பாக்குவது ஏற்கத்தக்க வேலை. உருண்டை முழுதும் அரித்துப்போயிருந்தால் ஆக்சில் கூட்டையே மாற்றும் பேச்சு வரும். அந்த முடிவை வண்டியின் மொத்த நிலையைப் பார்த்து எடுங்கள்.

நக்கிளைக் கழற்றாமல் ரப்பர் வளையத்தைச் சாய்வாக ஓரிடத்தில் வெட்டி, உருண்டையைச் சுற்றி மாட்டும் வழக்கம் உண்டு. வெட்டு மேல்பக்கம் இருக்கும்படி வைத்தால் ஓரளவு தாங்கும். பயணத்தின் நடுவில் சமாளிக்க அது போதும். ஆற்றைக் கடக்கிற வண்டிக்கு, காட்டுக்குள் போகிற வண்டிக்கு, முழு வளையம்தான் வேண்டும்.

அறிகுறி: சக்கரத்தின் உட்புறமும் டிஸ்க்கும் நனைந்திருக்கின்றன, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது

எண்ணெய் பட்ட பக்கம் பிரேக் பிடிக்காது. ஆகவே வண்டி காய்ந்த பக்கத்தை நோக்கி இழுக்கும். இடப்பக்கம் இழுத்தால் வலது சக்கரத்தைச் சந்தேகியுங்கள்.

டிஸ்க்கில் இருப்பது கிரீஸாக இருந்தால் ஹப் சீல் போயிருக்கிறது, அல்லது ஹப்பில் கிரீஸை அளவுக்கு மீறி அடைத்திருக்கிறார்கள். கியர் எண்ணெயாக இருந்தால் விஷயம் பெரிது. உள் சீலைக் கடந்து, நக்கிளை நிரப்பி, ஸ்பிண்டில் வழியாக ஹப் வரை வந்துவிட்டது. சக்கர பேரிங்கின் கிரீஸும் கழுவப்பட்டிருக்கும். உள் சீல், ஹப் சீல் இரண்டையும் மாற்றி, பேரிங்கைக் கழுவிச் சோதித்து, புது கிரீஸ் வைக்க வேண்டும்.

பிரேக் பேடில் எண்ணெய் ஊறியிருந்தால் அதைத் தீயில் காட்டி எரிப்பது, பெட்ரோலில் கழுவுவது எதுவும் வேண்டாம். இரு பக்கமும் புதுப் பேடு போடுங்கள். டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் துடையுங்கள். அதுவரை வண்டியை ஓட்டக் கூடாது.

அறிகுறி: எண்ணெயோ கிரீஸோ பால்டீ நிறத்தில் இருக்கிறது

தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடி வந்த சூட்டோடு ஆற்றில் இறங்கும்போது ஆக்சில் சட்டென்று குளிர்ந்து, உள்ளே காற்று சுருங்கி, கிடைக்கிற வழியிலெல்லாம் தண்ணீரை உறிஞ்சும். பிரீதர் தாழ்வாக இருந்தாலோ அடைந்திருந்தாலோ சீல்தான் அந்த வழி.

டிஃபரன்ஷியலில் மட்டும் நிறம் மாறியிருந்தால் பிரீதர் குழாயைப் பாருங்கள், விரிசல் இருக்கலாம். நக்கிளில் மட்டும் என்றால் வெளிச் சீல். இரண்டிலும் என்றால் உள் சீலும் போயிருக்கிறது.

எண்ணெயை வடித்து, புது எண்ணெய் விட்டுச் சிறிது தூரம் ஓட்டி மறுபடியும் வடித்துவிட்டு, பிறகு நிரந்தரமாக நிரப்புங்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது. கிங்பின் பேரிங்கும் ஜாயிண்டும் துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது, அவற்றின் விலை எண்ணெயின் விலையைப் போலப் பல மடங்கு. பிரீதர் குழாயை நீட்டி எஞ்சின் அறையின் உயரத்துக்கு ஏற்றுவது மலிவான, மிகப் பயனுள்ள வேலை. தண்ணீரைக் கடக்கும் முன் சில நிமிடங்கள் நிறுத்தி ஆக்சிலை ஆறவிடுவதும் அப்படியே.

வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். வடிக்கும் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டிய மெல்லிய சாம்பல் பசை இயல்பானது. விரலில் குத்தும் இரும்புச் சில்லு இயல்பில்லை. சில்லு கண்டால் மெக்கானிக்கிடம் போங்கள்.

அறிகுறி: கசிவோடு ஸ்டியரிங் நடுங்குகிறது, அல்லது திரும்பும்போது கிளிக் கிளிக் சத்தம்

கிளிக் சத்தம் முழு வளைவில், நான்கு சக்கர இயக்கத்தில் மட்டும் வந்தால் முனை ஜாயிண்ட். எண்ணெயில் கரைந்த கிரீஸோடு ஓடியதன் விளைவு அது. சீல் வேலையோடு அதையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

நடுக்கம் என்றால் கிங்பின் பேரிங். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் சக்கர பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். கிங்பின் தளர்ந்தால் நக்கிள் உருண்டையின் மேல் இடம் பெயரும். வெளிச் சீல் ஒரு பக்கம் நசுங்கி, எதிர்ப்பக்கம் விலகி நிற்கும். இந்த நிலையில் வெறும் சீல் மாற்றினால் அது பிழைக்காது. தேய்ந்த வெளிச் சீலும் நடுக்கத்தைக் கூட்டும் என்பதால், இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

கிங்பினைக் கழற்றும்போது எந்த ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) எந்தப் பக்கம், மேலா கீழா என்று எழுதிக்கொள்ளுங்கள். பேரிங் மாற்றிய பிறகு வெளிச் சீல் இல்லாத நிலையில் ஸ்டியரிங் கம்பியான டை ராட் மாட்டும் துளையில் வில்தராசை மாட்டி இழுத்து, நக்கிள் அசையத் தொடங்கும் எடையைப் பாருங்கள். இந்தக் குடும்ப வண்டிகளுக்கு அது 1 முதல் 1.8 கிலோ. உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். குறைவாக இருந்தால் ஷிம்மைக் குறைக்கவும், அதிகமாக இருந்தால் சேர்க்கவும் வேண்டும். வில்தராசோ கையேடோ இல்லாத இடத்தில் "கையால் திருப்பிப் பார்த்தால் தெரியும்" என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: சக்கரப் பக்கம் காய்ந்திருக்கிறது, ஆக்சிலின் நடுப்பகுதி நனைந்திருக்கிறது

உங்கள் ஆக்சில் முனைச் சீல்கள் நன்றாக இருக்கின்றன, அவற்றைத் தொட வேண்டாம். முதலில் வடிக்கும் பிளக்கின் வாஷர். பிறகு கூட்டின் கேஸ்கெட். எஞ்சின் விசையைக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் சேரும் இடத்தில் சுற்றிலும் எண்ணெய் தெறித்திருந்தால் பினியன் (டிஃபரன்ஷியலைச் சுற்றும் சிறு பல்சக்கரம்) சீல். பினியன் நட்டைக் கழற்றி மாட்டும்போது பேரிங்கின் முன்னழுத்தம் மாறிவிடும், பிறகு டிஃபரன்ஷியல் ஊளையிடும். அதை அளந்து சரிசெய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அறிகுறி: புதுச் சீல் போட்டும் மறுபடி கசிகிறது

சீலைக் குறை சொல்லும் முன் இந்த வரிசையில் போங்கள். பிரீதரைச் சோதித்தார்களா? சீல் சரியான திசையில் இருக்கிறதா? தண்டில் நகம் மாட்டுகிறதா? தண்டை ஏற்றும்போது உதடு கிழிந்ததா? கிங்பின் ஆடுகிறதா? இவை அனைத்தும் சரியென்றால் மீதி இரண்டுதான். டிஃபரன்ஷியல் பேரிங் அல்லது வளைந்த ஆக்சில் குழாய்.

வளைவுக்கு முன்னறிகுறி உண்டு. இந்த ஆக்சிலில் கேம்பரை, அதாவது சக்கரம் உள்ளோ வெளியோ சாயும் கோணத்தை, சரிசெய்யும் வசதி கிடையாது. ஆகவே ஒரு பக்கத்து முன் டயர் மட்டும் உள்விளிம்பில் தேய்ந்துகொண்டே போனால், கிங்பினும் சக்கர பேரிங்கும் உறுதியாக இருக்கும்போது, குழாய் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். பாறையில் வேகமாக இறங்கிய வண்டி, பெரிய டயரோடு அதிக பாரம் சுமந்த வண்டி, விபத்தில் சிக்கி ஒட்டப்பட்ட வண்டி ஆகியவற்றில் இதைப் பார்க்கலாம். சீலைக் கழற்றிய நிலையில் தண்டை மட்டும் உள்ளே விட்டு, விளக்கடித்துப் பாருங்கள். இருக்கைக்கும் தண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் விலகியிருந்தால் எந்தச் சீலும் அங்கே நிற்காது.

இதற்கு வீட்டில் வைத்தியம் இல்லை. குழாயைச் சூடேற்றி ஜாக்கியால் நிமிர்த்துவதாகச் சொல்பவரை நம்பாதீர்கள், சூடேற்றிய இரும்பு அதே இடத்தில் மறுபடி வளையும். கூட்டைக் கழற்றி, அளவுக்கட்டையில் ஏற்றி நிமிர்த்தும் வசதியுள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பழைய வண்டியிலிருந்து எடுத்த கூடு கிடைத்தால், வாங்குவதற்கு முன் இதே விளக்குச் சோதனையை இரு முனைகளிலும் செய்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.